26 மெஷினும் ஒரே பெயரைச் சொல்கின்றன: மினியன் நிறுவியதில் எங்கே கோட்டை விட்டேன்?

தங்கச்சிமடத்தான் | மே 22, இரவு 10:40

நண்பர்களுக்கு வணக்கம். கேள்வி நீளம். சுருக்கிக் கேட்டால் முழு விவரம் போடுங்கள் என்று திருப்பி அனுப்புவீர்கள் என்பதால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நண்டும் இறாலும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை. கணினி என்று பெயர் சொன்னால் எல்லாம் என் தலையில்தான். இரண்டாவது ஆள் கிடையாது. வடக்கே தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று 11 டிப்போ. ஒவ்வொன்றிலும் 2 அல்லது 3 சின்னப் பெட்டி மெஷின். ஒன்று எடைத் தராசோடு சேர்ந்து பில் போடும், இன்னொன்று பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும். ஆக 26. எல்லாம் உபுண்டு சர்வர் 22.04.

போன மாசியில் பில் சர்வரின் முகவரி மாறியது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை 26 மெஷினிலும் மாற்றி முடிக்க எனக்கு 4 நாள் ஆனது. தொண்டிக்கு ஒரு நாள், ராமேஸ்வரம் தீவுக்கு ஒரு நாள், மூக்கையூர் பக்கம் ஒரு நாள், மறந்துபோன ஒரு மெஷினுக்காக மறுபடியும் ஒரு நாள். பெட்ரோல் காசு கம்பெனி கொடுத்துவிட்டது. இடுப்பு வலிக்கு யார் கொடுப்பது?

சரி, எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் வழி தேடலாம் என்று முதலில் அன்சிபிள் என்ற மென்பொருளை முயன்றேன். மெஷினில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம், தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச்சும், பைத்தானும் இருந்தால் போதும் என்றார்கள். அலுவலகத்துக்குள் அருமையாக வேலை செய்தது. டிப்போவுக்குப் போனதும் படுத்துவிட்டது. டிப்போ எல்லாம் சிம் போட்ட ரவுட்டர். சிம்காரர்கள் ஒரே வெளி முகவரியைப் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியேயிருந்து யாரும் வந்து கதவைத் தட்ட முடியாது.

அப்புறம்தான் இதே வேலையைச் செய்யும் சால்ட் (உப்பு என்றுதான் பெயர்) என்ற மென்பொருள் பக்கம் வந்தேன். மெஷினில் மினியன் என்று ஒரு சின்ன மென்பொருளை நிறுவினால், அதுவே நம் மாஸ்டர் சர்வரின் 4505, 4506 போர்ட்டுகளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்கிறது. நாம் அங்கே போகத் தேவையில்லை, அது இங்கே வரும். எனக்கு வேண்டியது அதுதான். உப்புக் காற்றே பாதி மதர்போர்டைத் தின்றுவிட்டது, நீ வேறு உள்ளேயும் உப்பைப் போடுகிறாயா என்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டார். சிரித்துவிட்டு நிறுவினேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு வரத்து மட்டும்தான் இருக்கும், சில டிப்போக்களுக்குப் பூட்டே போட்டுவிடுவோம். இதை விட்டால் நேரம் கிடைக்காது என்று மெஷின்களைத் தவணை தவணையாக அலுவலகத்துக்கு அள்ளி வந்தேன். ஒரு மெஷினை மட்டும் சுத்தமாக அமைத்து, மினியனை நிறுவி, அது தன் அடையாளமாகக் காட்டும் சாவியை மாஸ்டரில் ஏற்றுக்கொண்டு, பிங் பதில் வருகிறதா என்றும் பார்த்தேன். வந்தது. அந்த வட்டை குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் அப்படியே படம் எடுத்து மற்ற 25 மெஷினுக்கும் இறக்கினேன். டிப்போக்களில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது மாஸ்டரில் பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. ஐபி முகவரி என்ன என்று கேட்டால் ஒரு தடவை பாம்பன் பதில் சொல்கிறது, மறு தடவை ஏர்வாடி. கோயில் திருவிழாவில் மைக்கில் முனியசாமி எங்கிருந்தாலும் வரவும் என்று அறிவித்தால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்குமே, அந்தக் கதை.

தங்கச்சிமடத்தில் கைக்கெட்டிய மெஷினின் பெயரை, அதாவது ஹோஸ்ட்நேமை, மாற்றி மினியனை மறுபடி தொடங்கிப் பார்த்தேன். மாஸ்டரில் பழைய பெயரிலேயே வருகிறது. இன்னொரு வினோதம்: 2 மெஷின் உள்ள டிப்போக்களில் இரண்டும் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு அடித்துக்கொள்கின்றன. ஒன்றை அணைத்தால் மற்றது ஓடுகிறது. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒன்றை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

26 மெஷினையும் திரும்ப அள்ளி வராமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா? ஜூன் 15 அன்று விசைப்படகு கடலுக்குப் போகும். அது கரை திரும்புவதற்குள் எல்லாம் ஓட வேண்டும்.


கீழை_காக்கா | மே 23, காலை 6:15

தம்பி, ரவுட்டர் மேல் தப்பில்லை, பாவம் அதை விட்டுவிடுங்கள். நான் கீழக்கரை, வேலை ஷார்ஜாவில், 9 வருடமாக இந்த மாதிரி மென்பொருள்களோடுதான் குடித்தனம்.

நிறுவுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மினியன் முதல்முறை ஓடும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு காரியம் செய்யும். ஹோஸ்ட்நேமைப் பார்த்துத் தனக்கு ஒரு பெயர் வைத்து அதை மினியன்_ஐடி என்ற ஃபைலில் எழுதிக்கொள்ளும். அப்புறம் தனக்கென்று ஒரு சாவி ஜோடி உருவாக்கி பிகேஐ ஃபோல்டரில் போட்டுக்கொள்ளும். எழுதியாகிவிட்டால் நீங்கள் ஹோஸ்ட்நேமை எத்தனை தடவை மாற்றினாலும் அது அந்த ஃபைலைத்தான் நம்பும். உபுண்டுவில் பேக்கேஜை நிறுவிய கையோடு சர்வீஸ் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும் என்பதால், நிறுவிய உடனே படம் எடுத்திருந்தாலும் இதே கதைதான். நீங்கள் மாஸ்டரில் ஏற்றுக்கொண்டு, பேசியும் பார்த்த பிறகு எடுத்திருக்கிறீர்கள். பெயர், சாவி இரண்டும் 26 மெஷினுக்கும் ஒன்று.

ஐபி சண்டைக்குக் காரணம் வேறு ஃபைல். மெஷின்-ஐடி என்று இடிசி ஃபோல்டரில் ஒன்று உண்டு. உபுண்டு சர்வர் ரவுட்டரிடம் முகவரி கேட்கும்போது அந்த எண்ணிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைத்தான் காட்டுகிறது. அதுவும் குளோனில் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நினைத்து ரவுட்டர் ஒரே முகவரியைக் கொடுக்கிறது.

இப்போது நல்ல செய்தி. உங்கள் தப்பே உங்களுக்கு உதவும். எல்லாம் ஒரே பெயர், ஒரே சாவி என்பதால் அந்தப் பெயருக்கு ஒரு கட்டளை அனுப்பினால் ஆன் ஆகியிருக்கும் அத்தனை மெஷினும் அதை ஓட்டும். பதில் குழப்பமாக வரும், ஆனால் வேலை எல்லா இடத்திலும் நடந்துவிடும். எங்கும் போகாமலே முடிக்கலாம்.

ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். நெட்வொர்க் கார்டுக்கே உரிய தனி எண்ணான மேக் முகவரியைப் படித்து, ஸ்கிரிப்டுக்குள்ளேயே உள்ள 26 வரிப் பட்டியலில் தேடி ஹோஸ்ட்நேமை வைக்கட்டும். பட்டியலில் இல்லாவிட்டால் "தெரியாதது" என்பதோடு மேக்கைச் சேர்த்துப் பெயர் வைக்கட்டும்; வெறுமனே விட்டால் மறுபடியும் எல்லாம் ஒரே பெயராகிவிடும். பிறகு மினியனை நிறுத்தி, மினியன்_ஐடி ஃபைலையும் மினியனின் இரண்டு சாவி ஃபைலையும் அழிக்க வேண்டும். அதே ஃபோல்டரில் மாஸ்டரின் பொதுச் சாவியும் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். அதையும் அழித்தால் திரும்பி வரும் மினியன் முதலில் எந்த மாஸ்டர் பதில் சொல்கிறதோ அதையே நம்பிவிடும். மெஷின்-ஐடி ஃபைலை நீக்காமல் காலியாக்கி வையுங்கள், அடுத்த பூட்டில் புதிதாக எழுதிக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் 26-க்கும் ஒன்றாகத்தான் இருக்கும், அவற்றையும் புதிதாக உருவாக்குங்கள். கடைசியில் ரீபூட்.

இந்த ஸ்கிரிப்டை மினியன் மூலம் நேரடியாக ஓட்டாதீர்கள். மினியனின் பிள்ளையாக ஓடினால், மினியனை நிறுத்தும்போது ஸ்கிரிப்டும் பாதியில் சாகலாம். உபுண்டுவின் சர்வீஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்டி-ரன் கட்டளை வழியாக 2 நிமிடம் கழித்துத் தனியாக ஓடும்படி போட்டுவிட்டு மினியனை விட்டுவிடுங்கள்.

முதலில் கைக்கெட்டிய ஒரு மெஷினில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை ஃபயர்வால் விதியை ஒரே நேரத்தில் எல்லா சர்வருக்கும் தள்ளினேன். வெளியே போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்று தெரிந்தபோது திருத்தி அனுப்பக்கூட ஒன்றும் மிச்சமில்லை. நோன்பு நேரம். டேட்டா சென்டரின் தரையில் உட்கார்ந்துதான் நோன்பு திறந்தேன்.

மெஷின்கள் திரும்பி வந்ததும் மாஸ்டரில் 26 புதுச் சாவிகள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். சோம்பல்பட்டுத் தானாக ஏற்கும் வசதியைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மாஸ்டர் இணையத்தில் திறந்து கிடக்கிறதா? மினியன் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓடுகிறது, அதனால் மாஸ்டரைப் பிடித்தவனுக்கு 11 டிப்போவும் சொந்தம். 2020 ஏப்ரலில் சால்ட்டில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. அனுமதி எதுவும் இல்லாமலே மாஸ்டருக்குக் கட்டளை கொடுக்கலாம். 3000.2, 2019.2.4 பதிப்புகளில் அடைத்தார்கள். திருத்தம் போடாமல் இணையத்தில் விட்ட மாஸ்டர்களுக்குள் சில நாளிலேயே ஆட்கள் புகுந்துவிட்டார்கள். பதிப்பைப் பாருங்கள், முடிந்தால் வயர்கார்டு என்ற தனி விபிஎன் பாதைக்குப் பின்னால் வையுங்கள்.

பதிப்பை ஏற்றும்போது மாஸ்டர் முதலில், மினியன் பிறகு. அதோடு 2024 கடைசியில் சால்ட்டின் பேக்கேஜ் தளத்தின் முகவரியே மாறிவிட்டது. பழைய வழிமுறைப் பக்கங்களை அப்படியே ஒட்டினால் வேலைக்காகாது.


பரமக்குடி_பெங்களூரு | மே 23, காலை 9:02

இதே வகை மென்பொருளான பப்பெட்டுக்கு மாறிவிடுங்கள். மெஷினில் உள்ள அதன் ஏஜென்ட் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானே சர்வரின் 8140 போர்ட்டுக்கு வந்து எனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் போகும். சால்ட்டில் நீங்கள் கட்டளை அனுப்பும் நேரம் மெஷின் அணைந்திருந்தால் அது தவறியது தவறியதுதான். உங்கள் ஊர் கரண்டுக்கு அது சரிவருமா?

இன்னொன்று: வயர்கார்டு போட்டுவிட்டால் வெளியேயிருந்து உள்ளே போகும் பிரச்சினையே இல்லை. அப்புறம் அன்சிபிளே போதும். மினியன் எதற்கு?


கீழை_காக்கா | மே 23, காலை 9:20

கையெழுத்தான சான்றிதழோடு பப்பெட் ஏஜென்டைக் குளோன் எடுத்துப் பாருங்கள், இதே முனியசாமி கதைதான். வயர்கார்டிலும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சாவி வேண்டும். தம்பி அதையும் குளோன் எடுத்திருப்பார்.

தவறிய கட்டளை பற்றிச் சொன்னது மட்டும் நியாயம். அதற்கு மினியனிலேயே கால அட்டவணை போடலாம், பூட் ஆனதும் மொத்த அமைப்பையும் சரிபார்க்கும்படியும் வைக்கலாம். கொஞ்சம் முன்பின்னாக ஓடும்படி வையுங்கள், 26 மெஷினும் ஒரே நொடியில் வந்து மாஸ்டரில் மோத வேண்டாம்.


உப்பூர்_டீச்சர் | மே 23, மாலை 4:48

சால்ட் பற்றிப் பேச என் ஊர்ப் பெயரே போதும், ஆனால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. எங்கள் பள்ளி லேபில் 20 மெஷின். அன்சிபிளையே தலைகீழாக ஓட்டுகிறேன்: அன்சிபிள்-புல். ஒவ்வொரு மெஷினும் அரை மணிக்கொரு தடவை என் சர்வரில் கிட் களஞ்சியத்தில் வைத்திருக்கும் என் குறிப்புகளை இழுத்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. மாஸ்டரும் இல்லை, சாவி ஏற்பதும் இல்லை. இப்போதே செய் என்று சொல்ல முடியாது. லேபுக்கு அது தேவையும் இல்லை. உங்களுக்குப் பில் போடும் இடம், தேவைப்படும். ஆகவே மாறச் சொல்ல மாட்டேன்.

நான் எழுத வந்தது கடிகாரத்தைப் பற்றி. போன கோடை விடுமுறை முடிந்து லேபைத் திறந்தால் 20-ல் 7 மெஷின் குறிப்புகளை இழுக்கவே இல்லை. சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை. சர்வரில்தான் கோளாறு என்று ஒரு நாள் முழுக்க அங்கேயே தேடினேன். கடைசியில் பார்த்தால் அந்த 7 மெஷினிலும் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி செத்துப்போயிருந்தது. உபுண்டு கடைசியாகத் தெரிந்த நேரத்தை வட்டில் குறித்து வைத்திருக்கும், அதனால் மிகப் பழைய தேதிக்குப் போகவில்லை. விடுமுறை விட்ட நாளிலேயே நின்றிருந்தது. என் சர்வரின் சான்றிதழ் 90 நாள் ஆயுள் உள்ள இலவசச் சான்றிதழ், விடுமுறையில் தானாகவே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. அந்த மெஷின்களின் கணக்கில் அது பிறக்கவே இல்லை.

சால்ட்டின் சாவிக்குத் தேதி கிடையாது, மினியன் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் பில் மென்பொருள் ஹெச்டிடிபிஎஸ்ஸில்தானே பேசுகிறது? பூட்டிய டிப்போ மெஷின்கள் 61 நாள் கழித்துக் கண் விழிக்கும். சிம் ரவுட்டர் நெட் பிடிப்பதற்குள் பில் திரை வந்து நிற்கும். நேரம் சரியான பிறகுதான் பில் சர்வீஸ் தொடங்க வேண்டும் என்று சிஸ்டம்டியில் வரிசை போட்டுவிடுங்கள். சிஆர் 2032 செல் கொஞ்சம் வாங்கிப் பையில் வையுங்கள். நம் பக்கம் காற்றுக்கு செல்லைவிட அதன் இடுக்கில் உள்ள தகடு சீக்கிரம் போய்விடுகிறது, அதையும் தேய்த்துவிடுங்கள்.


தங்கச்சிமடத்தான் | மே 25, இரவு 11:10

காக்கா, ரவுட்டர் காசு 1,800 ரூபாயை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மற்றபடி நீங்கள் சொன்னது சொன்னபடி.

மேக் முகவரிகளை மெஷின் வாங்கியபோதே நோட்டில் எழுதி வைத்திருந்தேன், என் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான ஆவணம் அது. தங்கச்சிமடம் மெஷினில் ஸ்கிரிப்டை முதலில் ஓட்டினேன். தங்கச்சிமடம் என்று வராமல் "தெரியாதது" என்று வந்தது. நோட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன், மெஷின் சின்ன எழுத்தில் சொல்கிறது. அந்த ஒரு ஓட்டத்தைத் தவிர்த்திருந்தால் இன்று வந்ததெல்லாம் "தெரியாதது" ஆகியிருக்கும்.

திருத்திவிட்டு நேற்று இரவு 9 மணிக்கு மொத்தமாக அனுப்பினேன். 5 நிமிடம் எதுவுமே வரவில்லை. வியர்த்துவிட்டது. அப்புறம் மண்டபம்-01 வந்தது, கீழக்கரை-02 வந்தது, அடுத்தடுத்து 21 சாவி. ஒன்று மட்டும் "தெரியாதது": பாம்பன், வயர்லெஸ்ஸில் ஓடுகிறது, நான் எழுதியிருந்தது வயர் கார்டின் எண். சாவிகளை ஒவ்வொன்றாக அதன் கைரேகை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏற்றேன். டிப்போ ஆட்களுக்கு போன் போட்டு, திரையில் தெரியும் எண்ணை வாசிக்கச் சொன்னேன். ஏர்வாடியில் அதை லாட்டரி நம்பர் மாதிரி ராகம் போட்டு வாசித்தார்கள்.

மிச்சம் 5 மெஷின் பூட்டிய டிப்போக்களில் அணைந்து கிடக்கின்றன. அதனால் பழைய சாவியை மாஸ்டரில் இன்னும் அழிக்கவில்லை. அவை விழித்ததும் பழைய பெயரில்தான் வரும், அதே கட்டளையை அப்போது அனுப்பிக்கொள்ளலாம். 5-ம் வந்த பிறகு அதை எடுத்துவிடுவேன். 4505, 4506 இரண்டும் உலகத்துக்கே திறந்துதான் கிடந்தன காக்கா, திட்டாதீர்கள். பதிப்பு புதியதுதான். வயர்கார்டு இந்த வாரம். சாவியைக் குளோன் எடுக்க மாட்டேன்.

இன்று காலை 7 மணிக்கு தேவிபட்டினத்திலிருந்து போன். நாட்டுப்படகு நண்டு வந்து இறங்கிவிட்டது, லேபிள் அடிக்கவில்லை. மெஷின்-ஐடி மாறியதால் லேபிள் மெஷினுக்குப் புது ஐபி வந்திருக்கிறது. பில் மெஷின் இன்னும் பழைய ஐபியில் பிரிண்டரைத் தேடுகிறது. ஐபிக்குப் பதில் பெயரை எழுதி, தேவிபட்டினம்-01-க்கு மட்டும் ஒரு கட்டளை. லேபிள் வருகிறது என்று கணக்குப்பிள்ளை போனிலேயே சொன்னார். எப்போது கிளம்பி வருகிறாய் என்றும் கேட்டார். நான் அப்போது வீட்டுத் திண்ணையில் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். மற்ற டிப்போக்களுக்கும் அதே வரியை மதியத்துக்குள் அனுப்பிவிட்டேன்.

டீச்சர், செல் 6 வாங்கிவிட்டேன். வாலிநோக்கம் டிப்போவைத் திறந்து ஒரு பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அந்தத் தகட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போதுமா, இடுக்கையே மாற்ற வேண்டுமா?


உப்பூர்_டீச்சர் | மே 26, காலை 7:30

துடைத்துவிட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு செல்லைப் போடுங்கள். தகடு பச்சையாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.